கிளிநொச்சியில் குளத்து மீன் கறி எந்தக் கடையில் கிடைக்கும்?

குளக்கட்டு:

கொழும்பில் ஒன்பது வருடம் கடைச் சோறு தின்றுவிட்டு, தை மாதம் மாற்றலாகி ஊருக்கே வந்து சேர்ந்தேன். வந்த கிழமையே ஓர் ஆசை. இரணைமடுக் குளத்து மீனில் தடித்த குழம்பு, பக்கத்தில் சிவப்பரிசிச் சோறு, ஏதாவது ஒரு கடையில் ஆறுதலாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கரடிப்போக்குச் சந்தியில் தொடங்கி டிப்போச் சந்தி வரை ஆறு கடைகள் ஏறி இறங்கினேன். பிரைட் ரைஸ் இருக்கிறது. கொத்து இருக்கிறது. பிரியாணி இருக்கிறது. மீன் கறி என்றால் பாரை, சூரை, காசு இருந்தால் அறக்குளா. குளத்து மீன் என்று கேட்டதும் ஒரு கடையில் காசு மேசையில் இருந்தவர் சிரித்தே விட்டார். “அதைப் போட்டால் ஆக்கள் எழும்பிப் போயிடுவினம் தம்பி” என்றார். வடக்கிலேயே அதிகம் தண்ணீர் பிடிக்கிற குளம் சைக்கிளில் போகிற தூரத்தில் கிடக்கிறது. அதில் பிடிக்கிற மீன் எங்கள் தட்டுக்கு வருவதில்லை.

சரி, நானே சமைக்கிறேன் என்று அடுத்த ஞாயிறு விடியப் போய் அணைக்கட்டில் இரண்டு விரால் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சாக்கை அவிழ்த்தால் ஒன்று பாய்ந்து குசினி அலுமாரிக்குக் கீழே போய்விட்டது. அப்பா கதிரையை விட்டு எழும்பாமலே சிரித்துக்கொண்டிருந்தார். (அம்மா கனடாவில், அக்காவின் பிள்ளைப்பேற்றுக்குப் போனவ. வீட்டில் இரண்டு ஆண்கள், ஒரு நாய்.) எப்படியோ பிடித்து வெட்டி, கடல் மீனுக்குச் செய்வது போலவே வெண்காயம், பச்சை மிளகாய், வெந்தயம் தாளித்து, பழப்புளி கரைத்து, தூள் போட்டு, தேங்காய்ப் பால் தாராளமாக விட்டு இறக்கினேன்.

கறி அல்ல, குளத்தின் அடிச் சேறு. அப்பா பருப்போடு சோற்றை முடித்துக்கொண்டு மீனை நாய்க்கு வைத்தார். நாய் மணந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.

இரண்டு கேள்வி. கடையில் எங்கே கிடைக்கும்? நான் விட்ட பிழை என்ன?

மாங்குளத்தான்:

தோலோடு சமைத்தீர்களா?

குளக்கட்டு:

ஓம். செதில் மட்டும் சுரண்டினேன்.

மாங்குளத்தான்:

அப்படியென்றால் நாய் சரி.

முரசுமோட்டை அக்கா:

தம்பி, மாங்குளத்தாரின் பகிடியை விடுங்கள். விராலுக்குத் தோல்தான் பகை. நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அடுப்புச் சாம்பல். காஸ் அடுப்பு வீடென்றால் பக்கத்து வீட்டில் ஒரு சிரட்டை சாம்பல் வாங்குங்கள். சாம்பலில் புரட்டினால்தான் விரால் கைக்குள் நிற்கும், வழுவழுப்பும் அதோடு போகும். தலைக்குக் கீழே சுற்றிக் கீறி, தோலை வால் பக்கம் இழுத்தால் காற்சட்டை கழற்றுவது போல வரும். வயிற்றின் உட்பக்கம் ஒட்டியிருக்கிற கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுங்கள். பூவையும் (செவுள்) எடுங்கள். நிறையப் பேர் இந்த இரண்டையும் மறந்துவிட்டுக் குளத்தைக் குறை சொல்வார்கள். பிறகு கல்லுப்பும் தேசிக்காய்ப் புளியும் பூசிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள்.

கறிக்கு மண்சட்டி. நல்லெண்ணெயில் சின்ன வெண்காயம், ஒரு முழு உள்ளி, வெந்தயம், கறிவேப்பிலை. கடல் மீனுக்குப் போடுவதைவிடப் புளி ஒன்றரை மடங்கு. ஒரு கிலோ மீனுக்கு வீட்டுத் தூள் மூன்று மேசைக்கரண்டி. புளித் தண்ணீரும் தூளும் கொதித்து, எண்ணெய் மேலே வந்த பிறகுதான் மீன். அகப்பை போடக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். இறக்கும்போது இடித்த மிளகும் நற்சீரகமும். பால் விடவே வேண்டாம். மூடி வைத்து இரவுக்குச் சாப்பிடுங்கள். அடுத்த நாள் காலை புட்டோடு இன்னும் நல்லது.

வவுனியாப் பேரன்:

பால் வேண்டாமா? அக்கா, மன்னிக்க வேண்டும், அது கறியே இல்லை. எங்கள் வீட்டில் கடைசியில் அரைக் கோப்பை முதற்பால் விட்டு ஒரு கொதியில் இறக்குவார்கள். பழப்புளிக்குப் பதிலாகக் கொறுக்காய்ப் புளியும் போடுவதுண்டு. பக்கத்தில் இருந்த சிங்களக் குடும்பத்திடம் ஆச்சி படித்தது.

முரசுமோட்டை அக்கா:

பால் விட்டால் சேற்று மணம் பாலில் போய்த் தங்கும். வேண்டுமானால் செய்து பாருங்கள்.

வவுனியாப் பேரன்:

முப்பது வருடமாகச் செய்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆய்வுகூடம்:

இந்தப் பால் சண்டைக்குள் நான் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் ஒன்று மட்டும். அந்த மணத்துக்குப் பெயர் ஜியோஸ்மின். நீலப்பச்சைப் பாசியும் சில வகை மண் பற்றீரியாக்களும் உண்டாக்குவது. கோடை முடிந்து முதல் மழை விழும்போது நிலத்தில் இருந்து எழும்புகிற மணமும் இதேதான். மூக்குக்குச் சுகம், நாக்குக்குச் சனியன். மீனின் பூ வழியாக உள்ளே போய்க் கொழுப்பில் தங்கும், அதனால்தான் தோலும் வயிற்றுப் பக்கமும் மோசம். அமிலம் பட்டால் இது சிதையும். அக்காவின் தேசிக்காயும் கூடின புளியும் செய்கிற வேலை அதுதான். கொறுக்காயும் அமிலம்தான், ஆகவே வவுனியாப் பேரனின் ஆச்சியும் தேறிவிட்டா.

வற்றுக் காலத்தில், ஆவணி புரட்டாதியில், குளம் சுருங்கிப் பாசி பிடிக்கும்போது மணம் கூடும். மாரி முடிந்து குளம் நிரம்பியிருக்கையில் பிடித்த மீனில் அவ்வளவு தெரியாது.

நந்திக்கரை:

நான் முல்லைத்தீவு. உங்கள் எல்லோரையும் பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஒரு மீனைச் சாம்பலில் புரட்டி, தோல் உரித்து, புளியில் ஊறப்போட்டு, மூன்று தண்ணீரில் கழுவி, விஞ்ஞானமும் படித்துத்தான் சாப்பிட வேண்டும் என்றால் அதைக் குளத்திலேயே விட்டுவிடலாமே! நந்திக்கடல் இறாலுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. கோது கழற்றி, மஞ்சளும் உப்பும் போட்டு அதன் தண்ணீரிலேயே வற்றவிட்டு, செத்தல் மிளகாய் இடித்துத் தூவிப் பிரட்டினால் முடிந்தது. சின்ன இறால் என்றால் முருங்கைக்காயோடு சொதி.

கடைக் கதைக்கும் ஒரு பதில். எங்கள் பக்கம் கடைகளில் இறால் போடுகிறார்கள்தான், ஆனால் பெரிசும் நண்டும் ஐஸ் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடும். கரையில் இருக்கிறவனுக்கு மிச்சம்தான். நீங்கள் குளம் பக்கத்தில் இருந்தும் மீன் இல்லை என்கிறீர்கள், நாங்கள் கடல் பக்கத்தில் இருந்தும் அதையேதான் சொல்கிறோம்.

மாங்குளத்தான்:

குளக்கட்டின் கடைக் கேள்விக்கு ஒருவரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். குளத்து மீன் என்றால் எங்கள் ஆட்களுக்கே ஒரு இளக்காரம். கடல் மீன் வாங்க வசதியில்லாதவன் தின்பது என்ற எண்ணம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டு வந்த எண்ணம் அது, காலப்போக்கில் நாங்களும் பிடித்துக்கொண்டோம். அதோடு இப்போது குளத்தில் பாதிக்கு மேல் திலாப்பியா. அது இந்த நாட்டுக்கு 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்து விடப்பட்ட மீன். கட்லா, ரோகுக் குஞ்சுகளை நக்டா (அரசின் நீருயிரின வளர்ப்பு அதிகார சபை) விடுகிறது. அது சாப்பாட்டுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. விராலும் கெளுத்தியும் தேடித்தான் எடுக்க வேண்டும்.

கடைக்காரன் பக்கமும் யோசியுங்கள். ஏ9 வீதியில் நிற்கிற பஸ்ஸில் வருகிறவன் இருபது நிமிடத்தில் சாப்பிட்டு ஏற வேண்டும். முள் எடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அவனுக்குக் கொத்துதான் சரி.

தர்மபுரம்77:

“எங்கள் ஆட்கள்” என்றால் யார் அண்ணை? என் தாத்தாவும் பாட்டியும் 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டில் இருந்து இங்கே வந்தவர்கள். குளத்து மீனையும் காட்டையும் இங்கே வந்துதான் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் திலாப்பியாவுக்கு இளக்காரம் கிடையாது. மஞ்சளும் உப்பும் தூளும் பூசி, அரை மணித்தியாலம் வெயிலில் வைத்துப் பொரிப்போம். வெயில் காட்டினால் எண்ணெயில் உடையாது. அதோடு கோதுமை மா ரொட்டி, கட்டைச் சம்பல், சாயம் ஏறின பிளேன் டீ. பாட்டி தேயிலைக்கு மட்டும் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. இங்குள்ள கடைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “தூசியைக் கழுவின தண்ணி” என்பார்.

இதுவும் வன்னிச் சாப்பாடுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்வீர்களோ தெரியாது.

மாங்குளத்தான்:

வெயிலில் வைக்கிற விசயம் எனக்குத் தெரியாது. நாளைக்கே பார்க்கிறேன். “எங்கள் ஆட்கள்” என்றது பிழைதான்.

பனிநாட்டுப் பனங்கொட்டை:

ஸ்காபரோவில் இருந்து வயிறெரிய எழுதுகிறேன். 2002இல் ஏ9 திறந்த வருடம் வந்தபோது கிளிநொச்சியில் ஒரு கடையில் மிதிவெடி சாப்பிட்டேன். இங்கேயும் தமிழ்க் கடைகளில் விற்கிறார்கள், ஆனால் மெலிந்து ரோல்ஸ் மாதிரி ஆகிவிட்டது. அங்கே இன்னும் பெரிதாகச் செய்கிறார்களா? முறிகண்டிக் கச்சான் இன்னும் மண்ணில்தான் வறுக்கிறார்களா? பாலைப்பழம் இப்போதும் சுண்டுக் கணக்கில்தானா? ஒடியல் கூழுக்கு ஆளுக்கொரு முறை சொல்லாமல் யாராவது ஒழுங்கான முறை ஒன்று தருவீர்களா?

குளக்கட்டு:

மிதிவெடி இருக்கிறது. ரோல்ஸைவிடப் பெரிது, உள்ளே இறைச்சிக் கறியோடு அரை முட்டை, கடித்தால் சூடு மேலண்ணத்தைப் பதம் பார்க்கும். பெயர் வைத்தவன் சாப்பிட்டுவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். கொழும்பில் என்னோடு வேலை செய்த பெடியனுக்கு அந்தப் பெயரின் பொருளைச் சொன்னேன். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டான். நாங்கள் பெயரை யோசிக்காமலே “இரண்டு மிதிவெடி, ஒரு டீ” என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

கச்சான் மண்ணில்தான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஒரு பை வாங்காமல் பஸ்ஸில் ஏறுகிறவர் குறைவு. பாலைப்பழம் வைகாசிக்குப் பிறகுதான், அதே சுண்டு, அதே ஒட்டிப்போன உதடு.

முரசுமோட்டை அக்கா:

கூழுக்கு ஒழுங்கான முறை என்று ஒன்று கிடையாது தம்பி, கையில் உள்ளதைப் போடுவதுதான் கூழ். ஆனால் ஒரு விசயத்தில் மட்டும் பிழை விடக் கூடாது. ஒடியல் மாவைத் தண்ணீரில் கரைத்து அடைய விட்டு, மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி புதுத் தண்ணீர் விட வேண்டும். இரண்டு மூன்று முறை. இல்லாவிட்டால் கசப்பு நிற்கும். கனடாக் கடையில் வாங்குகிற பக்கற் மாவுக்கும் இதுவேதான். கூழில் போடுவது நண்டு, இறால், மீன் தலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, கைப்பிடி அரிசி, செத்தல் மிளகாய் அரைத்த கூட்டு, புளி, கடைசியில் முருங்கையிலை. மா எல்லாம் வெந்த பிறகு. கட்டிபடாமல் கிண்டுவதற்கு வீட்டில் சண்டை பிடிக்காத ஒருவரை நிறுத்துங்கள். பிளாவில் குடித்தால்தான் கூழ், ஸ்காபரோவில் பனையோலைக்கு எங்கே போவீர்களோ.

நந்திக்கரை:

கூழைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வைகாசியில் எங்கள் பக்கம் கஞ்சி காய்ச்சுவார்கள், அரிசி, தண்ணீர், உப்பு. பால் கிடையாது. வீதியால் போகிற எல்லோருக்கும் சிரட்டையில் கொடுப்பார்கள். என் மகள் போன வருடம் “ஏன் அம்மா இதில் ஒன்றுமே போடுவதில்லை” என்று கேட்டாள். 2009இல் அதுதான் இருந்தது என்றேன். அவள் குடித்து முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

சரி, இறாலுக்கு வருவோம். யாருக்காவது முறை வேண்டுமா, வேண்டாமா?

பனிநாட்டுப் பனங்கொட்டை:

வேண்டும் அக்கா.

வவுனியாப் பேரன்:

வெளியில் சாப்பிடுவதைப் பற்றி இன்னொரு வார்த்தை. அம்மாச்சி உணவகத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. பெண்களே நின்று கண்முன்னால் சுட்டுத் தருகிற கடை. குரக்கன் புட்டும் இலைக்கஞ்சியும் அந்த விலைக்கு வேறு எங்கும் கிடையாது. நான் போன நாட்களில் எல்லாம் மரக்கறிதான், ஆகவே விராலோடு அங்கே போய் நிற்க வேண்டாம். காலை ஏழரைக்குள் போய்விட வேண்டும், பிறகு வடை மட்டும்தான் மிஞ்சும்.

கடைகளில் எனக்கு ஒரே ஒரு குறை. சோற்றுப் பார்சலை ஏன் இன்னும் பொலித்தீன் தாளில் சுடச் சுடக் கட்டுகிறார்கள்? எங்கள் கோவில் அன்னதானத்தில் இன்றைக்கும் தாமரையிலைதான். குளம் நிறைய இலை கிடக்கிறது. சுடுசோறு பட்டதும் அந்த இலையில் இருந்து வருகிற மணத்துக்கே கறி தேவையில்லை.

குளக்கட்டு:

இரண்டாம் முறை செய்தேன். முரசுமோட்டை அக்கா சொன்னபடி சாம்பல், சவ்வு, தேசிக்காய், மண்சட்டி. காற்சட்டை மாதிரி வரும் என்றீர்கள், வந்தது, பாதியில் கிழிந்தது. பால் விடவில்லை. சேற்று மணம் இல்லவே இல்லை. ஆனால் புளியை ஒன்றரை மடங்குக்குப் பதிலாக மூன்று மடங்கு போட்டுவிட்டேன். அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார், அது முன்னேற்றம். நாய் முழுத் தலையும் சாப்பிட்டது.

மாங்குளத்தான்:

திலாப்பியாவை வெயிலில் வைத்துப் பொரித்தேன். தர்மபுரம், உங்கள் பாட்டிக்கு ஒரு கும்பிடு. காகத்துக்குக் காவல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. ஐந்தில் ஒன்று போய்விட்டது.

குளக்கட்டுக்கு: முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போகிற பாதையில் ஒரு தகரக் கொட்டில் கடை இருக்கிறது, பெயர்ப் பலகை இல்லை. மீன்பிடிக்காரரும் வயலுக்குப் போகிறவர்களும் சாப்பிடுவது. அன்று பட்ட மீன்தான் அன்றைய கறி. ஒரு மணிக்குப் பிறகு போனால் வெறும் சட்டி. ஞாயிறு நான் போகிறேன், வருகிறீர்களா?

குளக்கட்டு:

போய் வந்தோம்! ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு இறங்கினோம். இரண்டு வாங்கு, ஒரு மேசை, ஒரு அம்மா. தட்டில் குத்தரிசிச் சோறு, பருப்பு, வாழைக்காய் வறை, கெளுத்திக் குழம்பு. விரால் அன்று படவில்லை. குழம்பு கறுப்பாக, தடிப்பாக, மிளகு தொண்டையில் நின்றது. நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். மாங்குளத்தான் எத்தனை என்று அவரே எழுதட்டும்.

பால் விட்டீர்களா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். “தேங்காய் இருந்தால் விடுவேன், இல்லாவிட்டால் இல்லை” என்றா. அக்காவும் பேரனும் இனி என்ன செய்வீர்களோ.

இன்னொன்றும் நடந்தது. அன்றிரவு அம்மாவோடு கதைக்கும்போது, உங்கள் குளத்து மீன் கறி மாதிரியே இருந்தது என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னா: “நான் எப்ப குளத்து மீன் சமைச்சனான்? எனக்கு அந்த மணமே ஆகாது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்வீட்டு ஆச்சியிட்டைத் திண்டிருப்பாய்.” யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். பின்வீட்டுத் திண்ணை, நெளிந்த அலுமினியத் தட்டு, ஆச்சியின் அடுப்படிப் புகை. இவ்வளவு காலமும் அதை அம்மாவின் கணக்கில் எழுதி வைத்திருந்திருக்கிறேன்.

முரசுமோட்டை அக்கா:

அந்த ஆச்சி இப்போது எங்கே தம்பி? இருந்தால் புளிக் கணக்கை அவவிடமே கேட்கலாமே.

குளக்கட்டு:

2008இல் இடம்பெயர்ந்தபோது அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். மகள் வவுனியாவில் இருப்பதாக அப்பா சொல்கிறார். இலக்கம் தேடுகிறோம்.

அதுவரை மூன்றாம் முறை வருகிற ஞாயிறு. புளி ஒன்றரை மடங்கு, அளந்து. அம்மா ஆவணியில் திரும்பி வருகிறா. அதற்குள் இந்த மண்சட்டியை எங்கே ஒளிப்பது என்று யாராவது சொல்லுங்கள், இரண்டு முறை கழுவியும் மணம் போகவில்லை.

மாங்குளத்தான்:

என்னிடம் தாருங்கள். நான்கு தடவை. சோற்றைச் சொல்கிறேன்.